ஃப்ரீசருக்குள் மூணு புறா

ஹலோ... ஆங், சொல்லுடி பாப்பு... எத்தனை தடவைதான் அடிப்ப, அடுப்புல கை வேலையா இருந்தேன்... இருக்கு, இருக்கு, உன் துணி இங்கதான் இருக்கு. நாற்காலி மேலயே விட்டுட்டுப் போயிருக்க. பையை மறக்காம தூக்கிட்டுப் போற, பைக்குள்ள வைக்க வேண்டியதை வீட்டுல வச்சுட்டுப் போற... ஆமா... ஆமா, புறாத் துணிதான், மூணாவது சாம்பிள். எனக்குத் தெரியாதா? மூணு மாசமா இந்த வீட்டுல திரும்பின பக்கமெல்லாம் புறாதானே. ஜன்னலுக்கு வெளிய ஏசி பெட்டி மேல நிஜப் புறா, உள்ள நூல் புறா. நான் விரட்டி விரட்டி ஓயறேன், நீ உக்காந்து அதுங்களைப் படம் வரைஞ்சு எம்ப்ராய்டரி போடுற.

சரி, சரி, விஷயத்துக்கு வரேன். உங்கப்பாவுக்கு இன்னிக்கு ரெண்டாவது ஷிஃப்ட். பன்னிரண்டு மணிக்குக் கிளம்புறார். போற வழியில உன் காலேஜ் கேட்ல குடுத்துடுவார்... உங்க மேடம் ரெண்டு மணிக்குத்தானே பாக்குறாங்க? அப்புறம் என்ன, மூச்சை விடு. அம்மா இருக்கேன்ல? உனக்கு ஒரு வேலையும் மிச்சம் பண்ணி வச்சிருக்கேன். கேட்டா சந்தோஷப்படுவ.

தேய்ச்சு வச்சுட்டேன்.

...ஹலோ? ...பாப்பு? ...லைன் இருக்கா?

இஸ்திரிடி. இஸ்திரி போட்டு வச்சுட்டேன்... அந்த வட்டச் சட்டத்துல மாட்டி மாட்டி, துணி நடுவுல பெருசா ஒரு வளையம் விழுந்திருந்துச்சு, யாரோ ஈரப் பாத்திரத்தைக் கவுத்து வச்ச மாதிரி. உங்க மேடம் பாத்தா என்ன நினைப்பாங்க? இந்தப் பொண்ணோட அம்மா வீட்டுல ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலையான்னு... ஏன்டி கத்துற! காது போச்சு!

சீட்டா? ...ஆமா, ஒரு சீட்டு பின் குத்தி இருந்துச்சு... எடுத்துட்டுத்தான் தேய்ச்சேன். பின்னு மேல பெட்டி பட்டா அடியில கீறல் விழுமில்ல? ...படிக்கலை. கண்ணாடி போடலை... இரு, மேஜை மேலதான் இருக்கு, இப்பப் படிக்கிறேன். "தயவு... செய்து... இஸ்திரி... போடாதே... அம்மா."

...

அம்மாவுக்குக் கீழ ரெண்டு கோடு வேற போட்டிருக்க.

சரி, அதைத் துணியில ஏன் குத்தின? என் நெத்தியில ஒட்டிட்டுப் போயிருக்கணும்... இரு இரு, துணியை எடுக்கிறேன். ஒண்ணும் ஆகியிருக்காது. கருகல் இல்லை, மஞ்சள் இல்லை, பக்குவமாத்தான் தேய்ச்சேன்... இதோ. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு புறாவும் கல்லு மாதிரி உக்காந்திருக்கு... என்னது, ஏழா? ...பேனாவுல வரைஞ்சது மூணு இருக்கணுமா? ...எந்தப் பக்கம்? ...வலப் பக்கமா...

அய்யய்யோ, காணோம்டி.

வெள்ளைவெளேர்னு இருக்கு. திருப்பிப் பாத்துட்டேன், பின்னாடியும் இல்லை... என்ன பேனா? ...சூடு பட்டா மறையிற பேனாவா? காசு குடுத்து அப்படி ஒரு பேனாவை யாராவது வாங்குவாங்களா? ...ஆங்... ஆங்... தச்சு முடிச்சதும் சூடு காட்டினா கோடு போயிடும், நூல் மட்டும் நிக்கும்... ஓஹோ. நல்ல பேனாதான். நான்தான் கெட்டவ.

அப்பா துணியைக் கொண்டு வந்ததும் மறுபடி வரைஞ்சுக்கோயேன். மூணு புறாதானே... ஆங்... நாலு புறா நூல்ல, மூணு புறா கோட்டுல. கோடு எப்படி நூல் ஆச்சுன்னு ஒரே துணியில பாக்கணும்... அதான் பரீட்சையே... சரி. நீ படம் வரைஞ்ச நோட்டுல இருக்கிற கோடு அப்படியே துணியிலயும் இருக்கணும்... நோட்டு எங்க? ...மேடம் பீரோவுல. பூட்டியாச்சு... மனசுல இருந்து வரைஞ்சா கோழி மாதிரி வந்துடுமா... ஃபெயிலா? ஒரு துணிக்கா? ஆறு மாசம் திரும்பவும் முதல்லேர்ந்தா?

அழாத. பாப்பு, அழாதடி... நல்லது பண்றேன்னு உன் ஆறு மாசத்தையே இஸ்திரி போட்டுட்டேனே. என் கையை எடுத்து அந்தப் பெட்டி மேலயே வைக்கணும்.

என்ன? ...ஃப்ரீசரா? ...விளையாடாத... குளிர் பட்டா கோடு திரும்பி வருமா? நிஜமாவா? யார் சொன்னா? ...பக்கத்து மேஜைப் பொண்ணா. சரி, அந்தப் பொண்ணு விவரம், சொன்னா இருக்கும்... இதோ போறேன்... ஈரம் படாம ஒரு கவர்ல போட்டு... பட்டாணிப் பாக்கெட்டு, ஐஸ் தட்டு, உங்கப்பா முட்டிக்கு ஒத்தடம் குடுக்கிற பை... எல்லாத்தையும் தள்ளு... வச்சாச்சு. எவ்வளவு நேரம்? ...பத்து நிமிஷமா? நீ வச்சுடாத, லைன்லயே இரு. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை.

என்னங்க! கிளம்பாதீங்க! புறா ஃப்ரீசர்ல இருக்கு! ...மூணு! ...சமைக்கிறதுக்கு இல்லைங்க, உங்க பொண்ணு பரீட்சைக்கு! ...பாரு, ஹெல்மெட்டை மாட்டிட்டா இந்த மனுஷனுக்கு ஒண்ணும் கேக்காது. கழட்டுங்கன்னா கழட்டவும் மாட்டார், மறந்துடுவாராம்... ஆமா, உக்காந்துட்டார். ஹெல்மெட்டோடதான்.

ஏன்டி, உன் குரல் என்ன கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு? ...சரி சரி, தையல் போட்டுக்கிட்டே பேசு. ரெண்டாவது சாம்பிளா? இன்னும் ஒரு இறக்கை பாக்கியா? போடு, போடு.

ஏன் பாப்பு, உங்க மேடம் மனசு வச்சு ஒரு நாள் தள்ளிக் குடுக்க மாட்டாங்களா? ...அவ்வளவு கறாரா? ...போன தடவையே என்னமோ கேள்வி கேட்டாங்கன்னியே, என்ன அது? ..."இந்தப் புறா எல்லாம் எதைப் பாக்குது"ன்னா? மூணு வாரமா அதே கேள்வியா? நல்லா இருக்கே! புறா எதையோ பாத்துட்டுப் போகுது, அந்தம்மாவுக்கு என்ன வந்துச்சு? அவ்வளவு சந்தேகம் இருந்தா புறாவைக் கூப்பிட்டு வச்சு விசாரிக்கச் சொல்லு... ஏன் "அம்மா, அம்மா"ங்கிற? உண்மையைத்தானே சொல்றேன்... இருந்தாலும், எனக்கும் தோணுச்சு. நாலும் கழுத்தைத் திருப்பிக்கிட்டு ஒரே மூலையைப் பாத்து முழிக்குது, பேயைப் பாத்த மாதிரி. நீ என்ன பதில் சொன்ன? ...சொல்லலையா? ஏன்? ...என்ன முழுங்குற?

சரி, ஆச்சு பத்து நிமிஷம். திறக்கிறேன்... கவர் ஜில்லுன்னு இருக்கு... இரு, கண்ணாடி... போட்டாச்சு...

வந்துடுச்சுடி! பாப்பு, வந்துடுச்சு! கோடு கோடா வந்து நிக்குது! என் தங்கமே, என் ஃப்ரீசரே! ஒண்ணு... இறக்கையோட இருக்கு. ரெண்டு... இருக்கு. மூணு... மூணாவது எதுமேலயோ உக்காந்திருக்கே... கம்பியா? இல்லை... கொண்டை. ஒரு கொண்டை மேல உக்காந்திருக்கு. கொண்டைக்குக் கீழ ஒரு பொம்பளை... ஹலோ? ...நல்லா உருண்டையா, நைட்டி போட்டுக்கிட்டு... கையில துடைப்பம்... வாய் ஜன்னல் அளவுக்குத் திறந்திருக்கு. உள்நாக்கு வரைக்கும் வரைஞ்சிருக்கு.

யாருடி இது?

கொண்டையில ஒரு கிளிப்பு இருக்கு. ஒரு பல்லு உடைஞ்ச கிளிப்பு. இந்தக் கிளிப்பு எனக்குத் தெரிஞ்ச கிளிப்பு பாப்பு. இப்ப என் தலையிலதான் இருக்கு.

ஓ. நான்தான்.

நான் எப்படி இதுக்குள்ள வந்தேன்? ...முதல்ல என்னை வரைஞ்ச... அப்புறம் சூடு காட்டி அழிச்சுட்டு, அதே இடத்துல புறாவை வரைஞ்ச... இப்பக் குளிர் பட்டதும் அழிச்ச நானும் சேர்ந்து வந்துட்டேன்... பெத்தவளை இஸ்திரி போட்டு அழிச்சிருக்க! மூணு புறாவைத் தேய்ச்சதுக்கு என்னை அந்தக் கத்து கத்தினியே, நீ என்னையே தேய்ச்சிருக்கியேடி! நான் நாள் பூரா விரட்டுற சனியன் என் தலை மேலயே உக்காந்திருக்கு! என்னங்க, இங்க வந்து பாருங்க உங்க பொண்ணு பண்ணின வேலையை... சிரிக்காதீங்க... உங்கப்பா சிரிக்கிறார்டி. ஹெல்மெட்டுக்குள்ளயே சிரிக்கிறார், கண்ணாடி பூரா ஆவி... "உரிச்சு வச்சிருக்கு"ங்கிறார். உரிக்கிறேன் வாங்க.

இரு... இரு, இரு. இந்தப் புறா எல்லாம்... தலை மேல இருக்கிறதை விட்டுட்டா மீதி ஆறும்... ஆறும் என்னைத்தான் பாக்குது. என்னைப் பாத்துதான் முழிக்குது! நான்தான் அந்தப் பேயா?

...அப்போ மேடம்கிட்ட ஏன் சொல்லலை? ...சத்தமாச் சொல்லு... கிளாஸ்ல எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிப்பாங்கன்னா? ...அதுக்கா அழிச்ச? நான் என்னமோ உனக்கு என்னைப் பிடிக்காம... போடி லூசு. சிரிச்சா சிரிக்கட்டுமே, நான் என்ன தேய்ஞ்சா போயிடுவேன்? சரி, தேய்ஞ்சுதான் போனேன், அது வேற.

என்ன? ...பெட்டி நுனியால என்னை மட்டும் அழிக்கணுமா? என்னை நானேவா? ...தெரியுதுடி... நோட்டுல நான் இல்லை, அதனால துணியிலயும் இருக்கக் கூடாது... தெரியுது. உன் ஆறு மாசம். பண்றேன். பெட்டியை மறுபடி போட்டாச்சு, சூடாகிடுச்சு... நுனி மட்டும்தான், புறா மேல படாது. மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பண்றேன், பேசாத.

...துடைப்பம் போச்சு... கை போச்சு... நைட்டி... இடுப்பை என்னடி இவ்வளவு தாராளமா வரைஞ்சிருக்க, தேய்க்கத் தேய்க்கத் தீரவே இல்லை... ஆங், போச்சு... கழுத்து போச்சு. தலைதான் பாக்கி. தலையில கை வைக்கப் பயமா இருக்கு, கொண்டையோட புறாவோட காலும் சேர்ந்து போயிடும்... என்ன? நிறுத்தவா? ...யாரு? ...எந்த மேடம்? ...உன் பின்னாடியா?

ஸ்பீக்கர்லயா போட்டிருக்க? ...ஊசியில நூல் கோக்க ரெண்டு கை வேணும்னா... எப்போலேர்ந்து? ...நான் அந்த... புறாவைக் கூப்பிட்டு விசாரிக்கச் சொன்னேனே... அதுவுமா? ...அதுக்குத்தான் "அம்மா, அம்மா"ன்னியா? கழுத்தை நெரிச்சாவது என்னை நிறுத்தியிருக்கக் கூடாதா!

...வணக்கம் மேடம்... நல்லா இருக்கேங்க, நீங்க நல்லா இருக்கீங்களா... இல்லைங்க மேடம், அது ஏதோ பெத்த வயிறு, வாய் தவறி... ஆமாங்க... ஆமாங்க, நான்தாங்க. தினம் காலையில விரட்டுவேங்க... ஆமாங்க, அதைத்தாங்க பாக்குது. என்னைத்தாங்க... அப்படிங்களா? ...மூணு வாரமா அதைத்தான் தேடினீங்களா? ...நோட்டுல இல்லாட்டி பரவாயில்லைங்களா? நீங்களே எழுதிக்குவீங்களா? ...அப்ப பாஸுங்களா மேடம்? ...சரிங்க, பாத்துட்டுத்தான் சொல்லுவீங்க, சரிங்க, நியாயம்ங்க... துணியில நானும் வேணுங்களா? துடைப்பத்தோடயா? ...நைட்டியோடயேவா மேடம்? ...உள்நாக்குமா?

ஐயோ மேடம்... இப்பத்தாங்க அழிச்சேன். தலை மட்டும்தாங்க இருக்கேன்.

வந்துடும்ங்க, வந்துடும்ங்க, குளிர் காட்டினா வந்துடும்... பாப்பு, சிரிக்காத! அங்க யாரெல்லாம் சிரிக்கிறாங்க? மொத்த கிளாஸுமா? ...சிரிக்கட்டும், சிரிக்கட்டும். நீ அழுகையை நிறுத்தினியே, அது போதும் எனக்கு... என்னங்க, மறுபடி உக்காருங்க! ...இன்னொரு பத்து நிமிஷம்! அப்புறம் இன்னொண்ணு, துணியை உங்க சாப்பாட்டு டப்பா கூட வைக்காதீங்க, சூடு பட்டா நான் மறுபடி போயிடுவேன்!

வைக்கிறேன்டி, ஃப்ரீசரைத் திறக்கணும்... ஆங், மேடம்கிட்ட சொல்லிடு, தலை வந்தாச்சு, நான் முழுசா வந்து சேர இன்னும் பத்து நிமிஷம் ஆகும்னு.