பாண்டீஸ்வரியின் பக்கம்

டீ வேண்டாம் சார், இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன். பதிவாளரான உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் கம்ப்யூட்டர் துறை பத்ரிநாத். நம் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் தளத்தைப் பார்த்துக்கொள்வதும் நான்தான். ஒவ்வொரு ஆய்வாளருக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. அங்கே பொருத்திக்கொள்ள ஒரு சின்ன விட்ஜெட், அதாவது ஒரு குட்டி புரோகிராம், செய்தேன். மோசடி என்று நீக்கப்பட்ட கட்டுரை இருந்தால், எழுதியவர் பெயருக்குக் கீழே அதைச் சிவப்பில் காட்டும். எல்லாத் தளங்களுக்கும் பொதுவான விதிப்படி செய்ததால், பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள் அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டன. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

நம் பக்கம் அப்பா பெயரின் முதல் எழுத்து, பிறகு தன் பெயர், அவ்வளவுதானே. மு. பாண்டீஸ்வரி என்று தேடினால் நாலு பேர் வருவார்கள். அதனால் சந்தேகம் வந்தால் விட்ஜெட் என்னைக் கேட்கும். நான் டிக் போட்டால்தான் சிவப்பு வரும்; போட்டால் அந்தப் பன்னிரண்டு தளங்களிலும் அவர் பெயர் இருக்கும் இடமெல்லாம் வரும்.

தாவரவியல் பாண்டீஸ்வரியும் நானும் ஆய்வு மையத் துணை இயக்குநர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தோம். அவருக்குத்தான் கிடைக்கும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நேர்காணலுக்கு நாலு நாள் முன்பு, வேறு ஊர் மு. பாண்டீஸ்வரியின் மோசடிக் கட்டுரை ஒன்றைக் காட்டி, இவர்தானா என்று விட்ஜெட் கேட்டது. இல்லை என்று எனக்குத் தெரியும். டிக் போட்டேன். நேர்காணல் முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

பதவி எனக்கு வந்தது.

பாண்டீஸ்வரி பதறிப்போய் என்னிடம்தான் வந்தார். "அண்ணே, பன்னெண்டு எடத்துலயும் இப்படித்தான் காட்டுது. நான் யார்ட்டப் போய்ச் சொல்ல?"

மெஷின் செய்த தப்பு, அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேளுங்கள் என்றேன். நாம் அனுப்புவதைத்தான் அவர்கள் காட்டுகிறார்கள். அவர்களால் ஒன்றும் மாற்ற முடியாது. அது தெரிந்தே, தெப்பக்குளம் டீக்கடையில் உட்கார்ந்து பன்னிரண்டு கடிதங்களையும் நானே எழுதிக் கொடுத்தேன். எட்டு மாதம் பதிலுக்குக் காத்திருந்தார். அவருடைய மாணவர்கள் வேறு கைடிடம் மாறிக்கொண்டார்கள். மத்தியானம் அவரோடு சாப்பிட யாரும் உட்காரவில்லை. நான் மட்டும் உட்கார்ந்தேன்.

"நீங்க ஒருத்தராவது நம்புறீகளே அண்ணே" என்றார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினேன்.

போன வாரம் ராஜினாமாக் கடிதம் கொண்டுவந்தார். இங்கிலீஷ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இரண்டு இடத்தில் திருத்திக் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது சார். அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே நானாக வந்தேன்.

அந்த டிக்கை எடுக்க அரை நிமிஷம் போதும். இன்று காலைகூடத் திறந்து பார்த்தேன். நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டுமே என்றுதான் இன்னும் எடுக்காமல் வைத்திருக்கிறேன்.