மேற்கு வயல் பனியன்

— மார்ச் ரெண்டாம் தேதி, மேற்கு வயல், வாய்க்கால்லேர்ந்து பத்தடி உள்ள. குச்சியில இருக்கறது என் கையெழுத்துதான். இங்கதான் புதைச்சேன். பயிரை மிதிக்காம தள்ளி நில்லு.

— பதினோரு மணிக்குப் பத்திர ஆபீஸ்ல இருக்கணும். நீங்க மண்வெட்டியோட நிக்கறீங்க. தம்பியோட பாகம் பிரிக்கற அன்னிக்கா ஒரு மனுஷன் பனியனைத் தோண்டுவான்?

— அன்னிக்குத்தான் தோண்டணும். கையெழுத்துப் போட்டுட்டு நேரா விவசாயிங்க சங்கத்து ஹாலுக்குப் போறேன். கிழக்கு வயல் பனியன், மேற்கு வயல் பனியன், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல தொங்கவிடறேன். அது தம்பி மண்ணு, இது அண்ணன் மண்ணு. பாக்கறவங்க பாக்கட்டும்.

— பயிற்சிக்கு வந்த மண் ஆராய்ச்சியம்மா பனியனையா புதைக்கச் சொன்னாங்க? வேற என்னமோ சொன்னதாக் கேள்வி.

— ஜட்டின்னாங்க. அதை எப்படி ஹால்ல தொங்கவிடறது? பருத்தித் துணியா இருக்கணும், அவ்வளவுதான் கணக்கு. மண்ணுல உயிர் இருந்தா புழு, பூஞ்சை, கண்ணுக்குத் தெரியாததெல்லாம் சேர்ந்து ரெண்டு மாசத்துல துணியைத் தின்னுடும். உயிர் இல்லன்னா துணி அப்படியே கிடக்கும். அறிவியல் யாரு முகத்தையும் பாக்காது.

— அப்ப காலையில கிழக்குல தோண்டினோமே, தையல் நூலும் கழுத்துச் சீட்டும்தான் மிச்சம் இருந்துச்சு. உங்க தம்பி மண்ணு நல்லாத்தான் சாப்பிட்டிருக்கு.

— எருக்குழி மண்ணு வேற எப்படி இருக்கும்?

— இன்னிக்காவது அவருக்கு வெச்ச அந்தப் பேரை விடுங்க.

— நானா வெச்சேன்? அவன் வேலை வெச்ச பேரு அது. உழ மாட்டான். அறுத்த தாளைக் கொளுத்த மாட்டான். அது மேலயே பயறைத் தூவிட்டு, மாட்டை மேய விட்டுட்டு, மரத்தடியில குறட்டை விடுவான். அந்தச் சோம்பேறி மண்ணே இந்தத் தின்னு தின்னுதுன்னா, நான் ஆழ உழுது, சோதனை பண்ணி, அளந்து உரம் போட்டு வளர்த்த மண்ணு கழுத்துச் சீட்டையும் சேத்துத் தின்னிருக்கும். கணக்கு தப்பாது. ஏக்கருக்கு அவனைவிட எட்டு மூட்டை கூட எடுக்கறேன்.

— அந்த எட்டு மூட்டையை வெச்சுத்தானே மேற்கு எனக்குன்னு நின்னீங்க. சீட்டுக் குலுக்கிப் போடலாம்னு உங்க மாமா எவ்வளவோ சொன்னாரு.

— குலுக்கிப் போட்டு அவனுக்கு விழுந்துட்டா? என் உழைப்பு இது. பாகம் கேட்டது அவன். எதுன்னு முடிவு பண்றது நான். அவனும் பரவாயில்லண்ணேன்னுட்டானே. பொறந்ததுலேர்ந்து அந்த ஒரு வார்த்தையை வெச்சே ஓட்டிட்டான்.

— எனக்கு என்னமோ அவர் அவ்வளவு சீக்கிரம் பரவாயில்லன்னது ஒரு மாதிரியா இருந்துச்சு.

— அவனுக்கு என்ன தெரியும்? போன வருஷம் ஒரு நாள் இதே வயல்ல மண்வெட்டியோட நின்னான். என்னடான்னா, எலி பிடிக்கறேண்ணேங்கறான். அடுத்தவன் வயல்ல வந்து எலி பிடிக்கற ஆளு. இரு, என்னமோ தட்டுப்படுது.

— வேரா?

— துணி.

— துணியா? மெதுவா இழுங்க. கொடுங்க இப்படி. ஏங்க, தோள்பட்டை ரெண்டும் இருக்கு. கழுத்து இருக்கு. ஒரு ஓட்டைகூட இல்ல.

— விரிச்சுப் பாரு.

— விரிச்சுத்தான் பிடிச்சிருக்கேன். துவைச்சுக் காயப்போட்டா நாளைக்கே போட்டுக்கலாம்.

— பாலியஸ்டர் கலந்திருக்கும். கடைக்காரன் ஏமாத்திட்டான்.

— கழுத்துச் சீட்டைப் படிங்க.

— நூறு சதவீதம் பருத்தி.

— ரெண்டும் ஒரே பாக்கெட்டு. கிழக்குல இருந்தது மட்டும் பருத்தியா?

— ஆழம் போதலை.

— ரெண்டு குழியும் முழங்கை ஆழம். கையை விட்டுப் பாத்தது நீங்க.

— தண்ணி சரியாப் பாஞ்சிருக்காது.

— ஒரே வாய்க்கால்ங்க. முதல் தண்ணி நமக்கு, வழிஞ்சது அவருக்கு. அதுக்கும் சண்டை போட்டு வாங்கினீங்க.

— நீ மண்ணைக் கிளறினியே, ஒரு மண்புழுவாவது பாத்தியா?

— இங்கயா? இல்லீங்க. காலையில கிழக்குல மண்வெட்டி பட்ட இடமெல்லாம் நெளிஞ்சுது. எனக்குக் கால் வைக்கவே கூசிச்சு.

— ஒண்ணுகூட இல்லையா?

— இல்ல. உக்காருங்க. முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. தண்ணி குடிக்கறீங்களா?

— இது எப்படி? நல்லாத்தானே விளையுது. எட்டு மூட்டை கூட விளையுதே. செத்த மண்ணுல எப்படி விளையும்?

— எங்கப்பா கடைசியா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப முகம் பளபளன்னு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? நீங்ககூட தேறிடுவாருன்னு சொன்னீங்க. எல்லாம் குளுக்கோஸ். பாட்டிலைக் கழட்டினப்புறம்தான் ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சுது.

— சோதனைச் சீட்டு எல்லாம் சரியா இருந்துச்சே. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, ஒண்ணுவிடாம.

— அது நீங்க கொட்டினதுங்க. கொட்டினது இருக்குன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க.

— போன வருஷம் உரத்தைக் கூட்டினேன். அதுக்கு முந்தின வருஷமும் கூட்டினேன். விளைச்சல் ஏறலை, நின்ன இடத்துலயே நின்னுச்சு. அதைப் பிடிச்சு நிறுத்தவே அவ்வளவு தேவைப்பட்டிருக்கு. நான் விதையைத் திட்டினேன். மழையைத் திட்டினேன்.

— தம்பியைத் திட்டினீங்க.

— பெரிய பொண்ணு வேலையை விட்டுட்டு வந்து விவசாயம் பாக்கறேங்கறாளே. அடுத்த மாசம் வர்றா. அவ கையில எதைக் கொடுப்பேன்? இதையா?

— அதைத்தான் நானும் யோசிக்கறேன்.

— பனியனைச் சுருட்டிப் பையில போடு. யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது.

— என்ன பண்ணப் போறீங்க?

— மாத்திக்கலாம்னு சொல்லப் போறேன். இன்னும் கையெழுத்து ஆகலையே. நான் மூத்தவன், விட்டுக்கொடுக்கறேன், நல்ல நிலத்தை நீயே வெச்சுக்கடான்னு சொல்றேன்.

— நல்ல நிலத்தை.

— அவனுக்கு என்ன தெரியும்?

— தெரியாதவர் தலையில செத்த நிலத்தைக் கட்டப் போறீங்க. அதுக்குப் பாசம்னு பேரு வேற. எனக்கு நல்லா வாயில வருது.

— நீ பேசு. நம்ம பொண்ணு வந்து இந்தச் செத்த மண்ணைக் கிளறிக்கிட்டு நிக்கறப்ப அவகிட்டயும் இதையே பேசு. ஊர் கண்ணுக்கு அண்ணன் விட்டுக்கொடுத்தான், அவ்வளவுதான்.

— ஊர் கண்ணு கிடக்கட்டும். நாளைக்கு நீங்க அவர் முகத்துல எப்படி முழிப்பீங்க?

— வண்டிச் சத்தம் கேக்குது. அவன்தான். மூஞ்சியைச் சரியா வெச்சுக்க.

— வாங்க அண்ணி, முன்னாடி சீட்டுல உக்காருங்க. என்னண்ணே, பேன்ட் முட்டியெல்லாம் மண்ணு? பரவாயில்ல, பின்னாடி சாக்கு விரிச்சிருக்கேன்.

— தம்பி, கொஞ்சம் இறங்கி வா. ஒண்ணு பேசணும்.

— தம்பியா? எருக்குழின்னே கூப்பிடுங்கண்ணே. புதுசாக் கூப்பிட்டா பின்னாடி யாரோ நிக்கற மாதிரி இருக்கு.

— விளையாடாதே. ராத்திரி பூரா தூக்கமில்ல. அப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாருன்னு யோசிச்சேன். மேற்கு மேற்குன்னு நான் அடம் பிடிச்சது தப்புடா. மேற்கை நீயே எடுத்துக்க. கிழக்கு எனக்குப் போதும்.

— வேண்டாம்ணே.

— பம்புசெட்டையும் சேத்தே எடுத்துக்க.

— வேண்டாம்ணே.

— முதல் தண்ணியும் உனக்குத்தான் வரும். ஏன்டா, எதுக்கெடுத்தாலும் பரவாயில்லம்பியே, இதுக்கு ஒரு தடவை சொல்லேன்.

— இதுக்குச் சொல்ல முடியாதுண்ணே. அண்ணி, அந்தப் பையில என்ன?

— அது... துணி.

— மார்ச் ரெண்டாம் தேதி புதைச்சதா? முழுசா வந்துச்சா?

— உனக்கு யாருடா சொன்னது?

— என் வயல்ல உங்க கையெழுத்துல தேதி போட்டு ஒரு குச்சி நிக்குது. எனக்குப் படிக்கத் தெரியும்ணே.

— சரி. பாத்துட்டே. அதனால என்ன?

— நாலு வருஷம் உங்க வாசல்ல நின்னு சொன்னேன். தாளைக் கொளுத்தாதீங்க, ஒரு போகமாவது பயறு போடுங்க, மண்ணு வெந்து போச்சுன்னு. எட்டு மூட்டை எட்டு மூட்டைன்னு விரலைக் காட்டினீங்க. சங்கத்துல வெச்சு எருக்குழின்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அண்ணி மட்டும் சிரிக்கல.

— அதுக்குப் பழி வாங்கறியா?

— பழி இல்லண்ணே. எனக்கும் பிள்ளைங்க இருக்கு. சீட்டுக் குலுக்கலாம்னு மாமா சொன்னப்ப மேற்கு எனக்கு விழுந்துடுமோன்னு பயந்தேன். நல்லவேளை, நீங்களே மேற்கு வேணும்னுட்டீங்க.

— அப்ப உனக்கு அப்பவே தெரியும்.

— போன வருஷம் இங்க மண்வெட்டியோட நின்னேனே.

— எலி பிடிக்கறேன்னே.

— எலி இல்லண்ணே. அந்த மண் ஆராய்ச்சியம்மா முந்தின பயிற்சியிலயும் இதையேதான் சொன்னாங்க. தோண்டி எடுத்த வாரம்தான் உங்ககிட்ட வந்து பாகம் கேட்டேன்.

— நீயும் புதைச்சியா? எப்படி வந்துச்சு?

— முழுசா வந்துச்சு. துவைச்சேன், கறை மட்டும் போகல. இன்னிக்கு அதைத்தான் உள்ள போட்டிருக்கேன்.