பன்னிரண்டு சைபர்

மாசாய் ஊருக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கழுத்திலும் குழந்தைகள் நல அலுவலக அட்டை தொங்கியது.

“நாலு பிள்ளைங்க ஒரே பிள்ளையாயிட்டாங்க, அக்கா,” என்றாள் இளையவள்.

“என்னம்மா சொல்ற?”

“நாலு பேருக்கும் பிறப்புப் பத்திரம் இல்ல. புது சிஸ்டம் பன்னிரண்டு இலக்க ஐசி, அதான் அடையாளக் கார்டு நம்பர் இல்லாம எடுக்காது. சிஸ்டம் போட வந்த கன்சல்டன்ட்தான் அந்த இடத்துல பன்னிரண்டு சைபர் போடச் சொன்னாரு. ஒரே நம்பர்னு ஒண்ணா சேர்த்திடுச்சு.”

“அலமாக், ஐயோ! அவரைக் கூப்பிடு லா.”

“கான்ட்ராக்ட் முடிஞ்சு போயிட்டாரு. நேத்து ஒரு பையன் கேஸை மூடினேன், நாலும் மூடிடுச்சு. அந்த நாலுல ஒண்ணு சிம்பாங் ரெங்கத்துப் பொண்ணு. அவளை அவங்கப்பா அடிக்கிறாருன்னு பக்கத்து வீட்டம்மா போன் பண்ணியிருந்தாங்க. அவ வீட்டைத் தேடினா பையன் அட்ரஸும் போன் நம்பரும்தான் வருது.”

“எழுதி வைக்கலையா?”

“இனி காகிதமே வேணாம்னாங்க.”

பிறகு மெதுவாகச் சொன்னாள்: “அன்னைக்கு போன்ல, வியாழக்கிழமை வீட்டுக்கு வர்றேன்னு சொன்னேன். அந்தப் பொண்ணே போனை வாங்கி, சரி அக்கான்னுச்சு.”