இரண்டாவது கேள்வி

– வலது கையாலயே பட்டன் போடறீங்க. இடது கை வலிக்குதா?

– ஒண்ணுமில்ல, மாத்திரக்காரி. நேத்து எட்டாவது மாடியில லிஃப்ட் கதவத் தனியாத் தூக்கிப் பிடிச்சேன். சதை பிடிச்சுக்கிச்சு.

– சரி.

– அவ்ளோதானா?

– அவ்ளோதான். கல்யாணத்தன்னிக்குக் குடுத்த வாக்கு. உங்ககிட்ட எதையும் ரெண்டாவது தடவ கேக்க மாட்டேன்.

– மருந்துக்கடைக்கு வர்றவங்ககிட்ட மட்டும் எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவ கேக்கற.

– அது வேலைங்க, லிஃப்ட்டுக்காரரே. மாத்திர மாறிப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது? கையத் தள்ளுங்க, நான் போட்டு விடறேன்.

– கழுத்துப் பட்டன் வேணாம். இறுக்குது.

– வர்றப்ப பாத்ரூமுக்கு பல்பு வாங்கிட்டு வாங்க. ரெண்டு நாளா இருட்டுல குளிக்கறோம்.

– நல்லதுதான். என் தொப்பை எனக்கே தெரியாம இருக்கு.

– தெரியாம இருந்தா இல்லன்னு ஆயிடுமா? போயிட்டு வாங்க.

– வரேன்.

*

– இவ்வளவுதான் அண்ணி நாங்க கடைசியாப் பேசினது. உங்க தம்பி போய் இன்னியோட ஒன்பது நாள் ஆச்சு. நான் பட்டன் போட்டுவிட்ட அதே சட்டையோடதான், வேல பாத்த கட்டடத்து மொட்ட மாடியில, லிஃப்ட் மோட்டார் ரூம்ல விழுந்து கெடந்தாரு.

– அதையே நெனச்சு நெனச்சு உருகாதம்மா. ஒரு வாய் சாப்பிடு.

– ரெண்டு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னத நீங்களும்தான கேட்டீங்க? இடது கை வலின்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? தினம் கடையில நெஞ்சு வலி மாத்திரைங்களத்தான எடுத்துக் குடுக்கறேன்? முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் கவுன்டர்ல வந்து நின்னிருந்தா, எப்பலேருந்து வலி, வேர்க்குதா, மூச்சு வாங்குதான்னு நோண்டி நோண்டிக் கேட்டிருப்பேன். கட்டினவர்கிட்ட மட்டும் 'சரி'ன்னுட்டேன்.

– நீ நோண்டாததுக்காகத்தாம்மா அவன் உன்னக் கட்டினான். லிஃப்ட்ல மாட்டின உன்ன வெளிய எடுத்த அன்னிக்கே வந்து சொன்னான். 'அந்தப் பொண்ணு முக்கா மணி நேரம் உள்ளயே இருந்துச்சுக்கா, ஏன் லேட்டுன்னு ஒரு வார்த்த கேக்கல'ன்னு.

– பயத்துல நாக்கு ஒட்டிக்கிச்சு அண்ணி. அத அவரு பொறுமைன்னு நெனச்சுக்கிட்டாரு.

– எதுவா இருந்தா என்ன. எங்கப்பாவப் பத்தி உன்கிட்ட முழுசா சொல்லியிருக்கானா?

– பெல்ட்டுன்னு ஒரு வார்த்த சொன்னாரு. நான் மேல கேக்கல.

– குழாய யாரு மூடலன்னு முதல் தடவ சாதாரணமாத்தான் கேப்பாரு. ரெண்டாவது தடவ கேக்கறப்ப பெல்ட் கையில சுத்தியிருக்கும். நான்தாம்ப்பான்னு நான் ஒத்துக்கிட்டாலும் அவனுக்குத்தான் விழும். ஏழு வயசும்மா அவனுக்கு. அழுதா இன்னும் ரெண்டு விழும். அதனால வலிக்கலன்னு சொல்லப் பழகிட்டான். ரெண்டு பேருமே அப்படித்தான். தண்ணி குடிச்சா டம்ளரக்கூட சத்தம் வராமத்தான் வைப்போம்.

– கல்யாணமான புதுசுல நான் தட்டக் கீழ போட்டா, அவரு ஓடி வந்து என்கிட்ட மன்னிப்புக் கேப்பாரு.

– அப்படி இருந்தவன் உன்கிட்ட வந்துதான் வாய் விட்டுச் சிரிச்சான்.

– அண்ணி, அவரு ஃபோன்ல பாத்தேன். அன்னிக்குக் கடைசியா உங்ககிட்டதான் பேசியிருக்காரு. என்ன சொன்னாரு?

– ஒண்ணுமில்லம்மா. சும்மாதான் பேசினான்.

– என்ன சொன்னாரு அண்ணி? மன்னிச்சுக்கோங்க, ரெண்டாவது தடவ கேக்கறேன். இத மட்டும் கேக்காம விட முடியாது என்னால.

– 'கை வலிக்குதுக்கா, வேர்த்துக் கொட்டுது'ன்னான். வலிங்கற வார்த்தைய அவன் வாயால கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவ.

– அப்புறம்?

– 'அவ என்ன நச்சரிக்கவே மாட்டேங்கறாக்கா. அதனாலயே அவகிட்ட சொல்லணும்போல இருக்கு. இப்பவே கடைக்குப் போறேன்'னான்.

– கடை அங்கேருந்து ரெண்டு தெருதான் அண்ணி.

– நான்தாம்மா வேணாம்னேன். வேலை நேரம், கூட்டமா இருக்கும், பாவம் அவளத் தொந்தரவு பண்ணாத, சாயங்காலம் வீட்ல சொல்லிக்கலாம்னேன். 'சரிக்கா'ன்னுட்டான். நான் எது சொன்னாலும் சரிக்காதான் அவன்.

– எத்தன மணி இருக்கும் அப்ப?

– பத்து இருபது.

– பத்து இருபதுக்குக் கடையில என்னத் தவிர யாருமே இல்ல அண்ணி.