குழியில் ஒரு மண்புழு இல்லை

ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவரின் கணவர் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்பது அவர்கள் பேச்சில் தெரிந்தது.

“அவரைப் பொதைக்கக் குழி வெட்டுனப்ப ஒரு மண்புழுகூடக் காணோம் சரசு.”

“எங்கக்கா பொதைச்சீங்க?”

“எங்க கடலைக் கொல்லையிலதான். அங்கதான் வைக்கணும்னு சொல்லியிருந்தாரு. மண்ணு செங்கல்லு மாதிரி இருந்துச்சு. கடப்பாரையாலதான் பேத்தாங்க.”

“களைக்கொல்லி அடிச்சு அடிச்சு எல்லா மண்ணும் அப்படித்தான் ஆயிருச்சுக்கா.”

“அடிக்கச் சொன்னதே நாந்தான். குனிஞ்சு களை வெட்ட இடுப்பு முடியல. வேணாம்டி, மண்ணு செத்துரும்னாரு. நாந்தான் சண்டை போட்டு வாங்கியாரச் சொன்னேன்.”

சரசு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இப்ப என்னக்கா செய்யப் போறீங்க?”

“மருந்தை நிறுத்திட்டேன். நாலு நாளா கொல்லையில ஆட்டுக்கிடை போட்டிருக்கேன். புழுக்கை விழுந்தா மண்ணு கொஞ்சம் கொஞ்சமா உசுரு பிடிக்கும்னாங்க. ஆடுக விடிய விடியக் கத்துது. அந்தச் சத்தத்துல அவருக்குத் தூக்கம் வருமான்னுதான் தெரியல.”