கத்தி வேணாம்னு சொல்லல

இல்ல பாய், புதுசு வேணாம். அத்த நீ கண்ணாடிப் பொட்டியிலயே வையி. பளபளன்னு நல்லாத்தான் கீது, நான் இல்லன்னு சொல்லல. எனக்கு இந்தக் கத்திதான் வேணும். ஆடாம வேணும். இன்னிக்கே வேணும். உத்தரமேரூரு பஜார்ல பூட்டு, கொடை, டார்ச்சு லைட்டு எல்லாத்தயும் ரிப்பேரு பண்றவன் நீ. அலகு ஆடுற ஒரு மடக்குக் கத்தி உனுக்கு ஒரு வேலையா? நான் இப்பிடி ஓரமா குந்திக்கிறேன். நீ பாட்டுக்கு பாரு. கொடைக்கம்பி ஆணிய வாயில கடிச்சிக்கினு பதில் சொல்லாத, முழுங்கித் தொலைக்கப் போற. தலைய ஆட்னா போதும்.

அந்தப் பூட்டு அப்பால பாத்துக்கலாம்பா. பூட்டுக்காரன் நாளைக்கி வந்தா இன்னா, வூடு எழுந்து ஓடிடுமா? எனக்கு விடிஞ்சா முகூர்த்தம். திருப்புலிவனம் ஈஸ்வரன் கோயில்ல. ஆமா, எங்க வூட்டுக் கல்யாணந்தான். கத்தி எதுக்கா? உங்கள்ல இந்த வழக்கம் கெடையாது, அதான் உனுக்குத் தெரில. எங்கள்ல நலங்கு வெச்சதுலருந்து தாலி கட்ற வரைக்கும் மாப்ள கையில இரும்பு இருக்கணும். கத்தியத் தொறந்து, முனையில எலுமிச்சம்பழம் குத்தி, கையில குடுத்துடுவோம். தூங்கச் சொல்லகூட தலமாட்டுல வெச்சிக்கணும். காத்து கருப்பு அண்டாதாம். அண்டுதோ அண்டலயோ, வழக்கம்.

காலையில நலங்கு. சந்தனம் பூசி, மஞ்ச வெச்சி, அரிசி தூவி எல்லாம் சுருக்கா நடந்துக்கினு கீது. மைக் செட்டுக்காரன் ஊரு காதக் கியிச்சிக்கினு கீறான். நான் கத்தியத் தொறந்து பழத்தக் குத்தி கோவாலு கையில குடுத்தேன். கோவாலுதான் மாப்ள, டிராக்டர் ஓட்றான். தாலியறுத்தவ கையால குடுக்கலாமான்னு அப்பவே ரெண்டு மூணு பேரு மூஞ்சக் கோணிக்கினாங்க. நான் கண்டுக்கல. அவன் வாங்கிக் கைய நிமித்தறான், அலகு அப்பிடியே சாஞ்சி அவன் கட்டவெரல் மேலயே மடங்கிச்சி. ரத்தம் வந்துடுச்சி. பழம் பொத்துன்னு வுழுந்து உருளுது. எங்க போயி நின்னுச்சின்னு நெனைக்கிற? நேரா எங் கொழுந்தன் ஏகாம்பரம் காலாண்ட. அந்தாளு இந்தக் கல்யாணமே நடக்கக் கூடாதுன்னு ஆவணியிலருந்து குறுக்கால படுத்துக்கினு கீறவன். வுடுவானா? எழுந்து நின்னான், துண்ட ஒதறித் தோள்ல போட்டான். பாத்துக்குங்க, கத்தியே வேணாங்குதுன்னான்.

அவ்ளோதான் பாய். அவன் பொண்டாட்டி மங்கம்மா நெஞ்சுல கைய வெச்சிக்கினா. மைக் செட்டு நின்னுபோச்சி. சமையல்காரன் கூட கரண்டிய எடுத்துக்கினு எட்டிப் பாக்கறான். கோவாலு ஒருத்தன்தான் வெரல வாயில வெச்சி சப்பிட்டு, அலகப் புடிச்சி இப்பிடியும் அப்பிடியும் ஆட்டிப் பாத்து, ஆணி தேஞ்சிருக்குது, வேற ஒண்ணுமில்லன்னான். டிராக்டர்காரன் பாரு. அந்த ஒரு பேச்சுக்கே அவனுக்கு ரெண்டு பொண்ணு கட்டி வெக்கலாம்.

ஆனா ஊரு கேக்குமா? நல்ல காரியத்துல ரத்தம் பாத்தாச்சி, பழம் வுழுந்தாச்சி, நிறுத்திடுங்கன்றாங்க. நேத்து எங் கையால நாஷ்டா துன்னவனுங்கதான். நான் அதுக்கெல்லாம் அசரல. அவங்க பேசுவாங்க, பேசிட்டுப் போவாங்க. உள்ள போனேன் பாரு, அங்கதான் எனக்கு அடி வுழுந்துச்சி. பொண்ணு, கனகான்னு பேரு, அவ செவத்தாண்ட குந்திக்கினு மூஞ்சில பூசன மஞ்சள முந்தானையால தொடைச்சிக்கினு கீறா. அழுவல. நெதானமா, பாத்திரம் தொடைக்கிற மாதிரி தொடைக்கிறா. கையப் புடிச்சி இன்னாடி பண்றேன்னேன்.

வேணாம் அத்தே, கத்தியே சொல்லிடுச்சி, வுட்டுடுன்னா.

ஏகாம்பரம் சொன்னா சொல்லிட்டுப் போறான். ஊரு சொன்னா சொல்லிட்டுப் போவுது. இவ நம்பிட்டா பாய். அதான் எனக்குத் தாங்கல.

வெளிய வந்தேன். பந்தல் நடுவுல நின்னு சொன்னேன். கத்திக்கு வாயி கெடையாது. ஆணி தேஞ்சா ஆடும். நான் போயி இத்த முடுக்கி எடுத்தாறேன். திரும்பப் பழம் குத்தி மாப்ள கையில குடுக்கறேன். அப்பவும் வுழுந்துச்சின்னா எங் கையாலயே பந்தலப் பிரிச்சிடறேன். நின்னுச்சின்னா ஏகாம்பரம் முன்னால நின்னு மாலைய எடுத்துக் குடுக்கணும். சரியான்னேன். எல்லாரும் அந்தாளு மூஞ்சியப் பாக்கறாங்க. முடியாதுன்னு சொல்ல வழியில்ல, சரின்னுட்டான். இப்பத் தெரிதா நான் ஏன் உங்கிட்ட வந்து இப்பிடி பேஜார் பண்றேன்னு? நீ அடிக்கிற அடியிலதான் நாளைக்கி தாலி ஏறுறதும் ஏறாததும்.

புதுசு வாங்கினா தீந்துச்சேன்னு மங்கம்மாவும் சொன்னா. எப்பிடித் தீரும்? புதுக் கத்தி எடுத்தாந்தா, ஆமாய்யா, அந்தக் கத்தி மெய்யாலுமே வேணாம்னு சொல்லிச்சி, அதான் மாத்திட்டேன்னு நானே ஒத்துக்கின மாதிரி ஆயிடும். ஏகாம்பரம் அத்த எங் காலம் முச்சூடும் சொல்லிக் காட்டுவான். இதே கத்தி, அதே பழம், அதே கை. அதான் பேச்சு.

நானே ஏன் வந்தேனா? வேற யாரு வருவா? எங்க வூட்டு ஆம்பள போயி பலகாலம் ஆச்சி. இத்த வேற ஒருத்தன் கையில குடுத்தனுப்பினா, வழியில ஏரியில வீசிட்டு காணாப்போச்சின்னு வந்து நிப்பான். மாப்ளயா? அவன் நலங்கு வெச்சவன்பா, ஊரு எல்ல தாண்டக்கூடாது. கையில இரும்பு இல்லாம இருக்கக் கூடாதுன்னு கருக்கருவாளக் குடுத்து குந்த வெச்சிட்டு வந்துகிறேன். கதிர் அறுக்கப் போறவன் மாதிரி குந்திக்கினு கீறான் மணையில. சிரிக்காத, ஆணி முழுங்கிடுவ. வெளிக்கிப் போறதுன்னாலும் அருவாளோடதான் போறான். சின்னப் பசங்க பின்னாலயே ஓடுதுங்க.

பாத்து பாய். ஆணித் தலை நடுவுல போடாத, ஓரமா, சுத்திச் சுத்தி அடி. நான் உனுக்குச் சொல்லித் தரல, பாத்துக்கினு சும்மா குந்த முடில, அதான். அந்தப் பக்கம் ஆட்டு. இந்தப் பக்கம். கொறைஞ்சிருக்குது இல்ல? குடு, பழம் குத்திப் பாக்கலாம், மடியிலயே எடுத்தாந்துகிறேன். ம்... நிக்கிது. இரு, கோவாலு எப்பிடி கைய நிமித்தனானோ அப்பிடி நிமித்தறேன். அடச்சீ. சாயுது பாரு. மொல்லமா சாயுது, ஆனா சாயுது. இது ஆவாது.

இன்னா, தொறந்தபடியே ரெண்டு பக்கமும் அடிச்சி இறுக்கிடறியா? ஒருநாளும் மடங்காதா? நல்லா கீது ரோசனை. வேணாம். அப்பிடிப் பண்ணா அது மடக்குக் கத்தி இல்ல, காய் அரியற கத்தி. மடங்கற கத்தி மடங்கி நிக்கணும், தொறந்தா தொறந்து நிக்கணும். ஏகாம்பரம் கையில வாங்கி மடக்கிப் பாப்பான், மடங்கலன்னா நான் ஏமாத்திட்டேன்னு குதிப்பான். அதுவும் இல்லாம, நாளைக்கி தாலி கட்டனப்பால இத்த நான் பொட்டியில வெச்சிப் பூட்டப் போறதில்ல. கோவாலு இடுப்புல சொருவிக்கினு போவணும். கயிறு அறுக்கணும், நுங்கு சீவணும். கெடந்து கெடந்து துருப்புடிச்சது போதும்.

யாரு கத்தியா? எங்க வூட்டுக் கத்திதான். கொம்புப் புடி, நல்ல இரும்பு. அலகு தேஞ்சிருக்கறதப் பாத்தாலே தெரில? சும்மா கெடந்த கத்தி இல்ல, வேலை செஞ்ச கத்தி.

சரி, ஆணியத் தட்டி எடுத்துடு. பித்தளக் கம்பி போட்றியா? போடு. துளையே அகண்டு போச்சா? அப்ப கொஞ்சம் தடிச்ச கம்பியாப் போடு. நீதான் சொல்ற, எனக்கு இன்னா தெரியும். புடி ஒடையாம தட்டு. வருதா? வந்துடுச்சா? எறியாத, எறியாத, இங்க குடு அந்தப் பழைய ஆணிய. கேலி பண்ணாத, துருப்புடிச்ச ஆணிதான், எனக்குத் தெரியும். இங்க பாரு, ரெண்டு முனையும் தடிமனா கீது, நடுவுல மட்டும் எறும்பு இடுப்பு மாதிரி தேஞ்சிபோயி கீது. இத்தக் கொண்டுபோயி கனகா உள்ளங்கையில வெச்சி, பாருடி, இதான் உங்கிட்ட வேணாம்னு சொல்லிச்சான்னு கேப்பேன். ஊருக்கு பழம் நின்னா போதும். அவளுக்கு ஆணியக் காட்டணும். அப்பதான் தொடச்ச மஞ்சளத் திரும்பப் பூசிக்குவா.

கம்பிய கொஞ்சம் நீட்டா வுட்டு வெட்டு. ஆங். இப்ப மடக்கு. ஐய, தொறக்கவே மாட்டேங்குதே, பல்லால கடிச்சித்தான் இஸ்க்கணும் போல. ரொம்ப முடுக்கிட்ட. எண்ணெ வுட்றியா, வுடு. தொற, மடக்கு, தொற, மடக்கு. எங்கிட்ட குடு, நான் செய்றேன், நீ வேர்த்துப் போயிட்ட. ம், வழுக்கிக்கினு வருது. இப்ப தொறக்கச் சொல்ல டக்குன்னு ஒரு சத்தம் கேட்டியா? அந்த சத்தம் இதுல நின்னு ரொம்ப நாளாச்சி.

பழத்தக் குத்து. அந்தப் பக்கம் இல்ல, ஏற்கனவே ஓட்ட வுழுந்துடுச்சி, திருப்பிக் குத்து. நிமித்து. இன்னும் வேகமா நிமித்து. ஒதறு. அட ஒதறு பாய், அலகு மடங்கினா எங் கல்யாணம்தானே போவும், உனுக்கு இன்னா. இன்னும் ஒருக்கா. ம்.

நிக்கிது.

இரு, தண்ணி குடு ஒரு வாயி.

இன்னா சொன்ன? எம் புள்ள நல்லா இருப்பானா? யாரு, கோவாலா? கோவாலு எம் புள்ளன்னு உனுக்கு யாரு சொன்னா? அவன் திருமுக்கூடல் பையன். எங்க ஊர்ல ஏர் ஓட்ட டிராக்டர எடுத்தாரச் சொல்ல பழக்கம். பொண்ணுதான் பாய் எங்க வூடு. கனகா எம் மருமவ. எம் புள்ள முத்துவேலு கட்டனவ. அவன் மோட்டார் கொட்டாய்ல கரண்டு அடிச்சி போயிட்டான். கல்யாணம் ஆயி வருசம் திரும்பல. இது அவன் கத்தி. அவளுக்குத் தாலி கட்டச் சொல்ல அவன் கையில இதான் இருந்துச்சி. அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் நுங்கு சீவறது, மாட்டுக் கயிறு அறுக்கறது, மோட்டாரு ஒயரு சீவறது, எல்லாத்துக்கும் இதான். கையில எதுனா ஒண்ணு இருந்துக்கினே இருக்கணும் அவனுக்கு. ஆணி தேயாம இன்னா பண்ணும்?

அதான் ஏகாம்பரம் அப்பிடிச் சொன்னது. கத்தி வேணாங்குதுன்னா இன்னா அர்த்தம்? அவன் வேணாங்கறானாம். செத்தவன் எழுந்து வந்து கோவாலு வெரல வெட்னானாம். அத்தத்தான் கனகா நம்பிக்கினு குந்திகிறா. அவளுக்கு ரெண்டாங் கல்யாணந்தானே, மூலையில வெச்சி ஒரு மஞ்சக் கயித்தக் கட்டி அனுப்பிடு, நலங்கு எதுக்கு, மேளம் எதுக்கு, கத்தி எதுக்குன்னாங்க. முடியாதுன்னேன். மொதல்ல எப்பிடிக் கட்டனமோ அப்பிடியேதான், கத்தியும் அதேதான்னு பொட்டியத் தொறந்து எடுத்தாந்தது நான். அவன் கையிலருந்து வாங்கி இவன் கையில குடுக்கறேன். இதுல ஒளிச்சி மறைச்சி செய்றதுக்கு இன்னா கீது?

எம் புள்ளைக்கி வேணாம்னா எங்கிட்ட சொல்ல மாட்டானா? ஏகாம்பரம் காலாண்டயா பழத்த உருட்டுவான்? உசுரோட இருக்கச் சொல்லவே அந்தாளாண்ட ரெண்டு வார்த்த சேந்தாப்பல பேசனது கெடையாது அவன்.

இன்னா பாய், கண்ணாடியக் கழட்டிட்ட? போட்டுக்கோ, அந்தப் பூட்டுக்காரன் வந்துடப் போறான். குடு கத்திய. காயிதத்துல சுத்த வேணாம். மடக்கவும் வேணாம். பழத்தோட அப்பிடியே குடு, கையில புடிச்சிக்கினே போறேன். பஸ்ஸுலயும் இப்பிடித்தான் குந்திக்கினு போவேன். கண்டக்டரு இன்னான்னு கேட்டா, மருமவளுக்குக் கல்யாணம்னு சொல்லிக்கிறேன்.