மடியில் வைத்த பை

— காரை விட்டு இறங்குடா தம்பி! இன்னும் அஞ்சே நிமிஷம், டாக்டர் கூப்பிட்டுருவாங்க.

— மூச்சு விடுக்கா. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டு கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி குதிக்கற.

— குதிப்பேன்! கேளேன், போன வருஷம் பாத்தவர் பத்து நிமிஷத்துல எனக்கு ஆளுமைக் கோளாறுன்னு பேர் வச்சு அனுப்பிட்டாரு. இந்தம்மா மூணு தடவை பாத்தாச்சு, இன்னும் பேரே வைக்கலை!

— அதுக்கா இவ்வளவு சந்தோஷம்?

— அவங்க சொன்னதைக் கேளேன். "அந்தப் பேர் சரியா இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியாம நான் எழுத மாட்டேன்"னுட்டாங்கடா!

— என்ன நடந்துச்சு? மூணு வேலையை உதறின. கட்டிக்க இருந்தவனை நீயே துரத்தின. அப்புறம் விடிய விடிய எனக்கு போன் போட்டு அழுத. வீட்டுல சும்மாவா உன்னை நாடகக்காரிங்கறாங்க?

— எல்லாம் நிஜம்தான். அவன் போயிருவானோன்னு பயம் வந்ததும் முந்திக்கிட்டு நானே போடான்னுட்டேன். அந்தப் பயம் எங்கேருந்து வந்துச்சு? டாக்டர் பிடிச்சுட்டாங்க. எதை வச்சுன்னு சொல்லு பாப்போம்!

— விடுகதை போட இதுவா நேரம்?

— இந்தப் பையை வச்சு! ஏன் எப்பவும் மடியிலேயே வச்சிருக்கீங்கன்னாங்க. உள்ள மாத்துத் துணின்னேன். ஏன்னு கேட்டாங்க பாரு, அப்பத்தான் நானே யோசிச்சேன்.

— எனக்குப் புரியலை. எங்க போறதுக்கு மாத்துத் துணி?

— அப்பா நம்மளைப் பிடிச்சு வெளிய தள்ளி, கதவைத் தாழ் போடுவாரே, அப்போ ஆரம்பிச்சதுடா. உன் குட்டி டவுசரும் என் பையிலதான் இருக்கும். மறந்துட்டியா?

— அப்பா போய்ச் சேர்ந்தாச்சுக்கா. இப்ப எதுக்கு அவரைக் கிளறணும்?

— சின்ன வயசுலேருந்து என்னைத் தெரிஞ்ச ஒருத்தர் வந்து பேசணுமாம். அம்மா வாயே திறக்க மாட்டா. உன்னை விட்டா யாருடா இருக்கா?

— எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லை. அதே வீட்டுலதானே நானும் வளந்தேன்? வேலை, பொண்டாட்டி, குழந்தைன்னு நல்லாத்தானே இருக்கேன்? எனக்கு என்ன ஆயிடுச்சு?

— நான் மட்டும் சொன்னா எனக்கே அது நாடகம் மாதிரி இருக்குடா. அதனாலதான் உன்னைக் கூப்பிட்டேன்.

— என்னை விட்டுருக்கா, ப்ளீஸ்.

— சரி, வெளிய உக்காரு. இன்னைக்குப் பையில்லாம வர்றேன்னு டாக்டருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். உன் டிக்கியில வச்சுட்டுப் போறேன்.

— டிக்கி வேண்டாம். பின் சீட்ல போடு.

— கண்ணுல பட்டா எடுத்துருவேன். சாவியைக் குடு… ஏய், இது என்ன பை? வெளியூர் போறியா?

— மூடுக்கா அதை.

— உன் சட்டை, துண்டு, பிரஷ்… டேய், இது உன் பொண்ணோட கவுன்தானே?

— அவ வளர வளர சைஸ் மாத்தி வைக்கிறேன்.

— ஏன்டா?

— தெரியலைக்கா. இதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்டதில்லை. வா, உள்ள போலாம்.